பேட்டரி மாற்றிய பின் சிக்னலில் எஞ்சின் அணைந்துபோவது ஏன்?

கடலூரில் புது பேட்டரி போட்ட நாளிலிருந்து, சிக்னலில் நிற்கும்போதெல்லாம் பெட்ரோல் கார் அணைந்துவிடுகிறது, பேட்டரிதான் பழுதா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் பேட்டரி காரணமாக இருக்காது.

எஞ்சினுக்குள் போகும் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் தகட்டின் விளிம்பில் நாளடைவில் கரி படிந்து, காற்று நுழையும் இடைவெளி குறுகும்போது, ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) தகட்டைச் சற்றே கூடுதலாகத் திறந்து ஈடுகட்டி, அந்த அளவைத் தன் நினைவில் வைத்துக்கொள்கிறது. பல வண்டிகளில் பேட்டரியைக் கழற்றியதும் அந்த நினைவு அழிந்து, தகடு புது வண்டிக்குரிய அளவுக்கே திறக்கிறது. கரியோ அப்படியே இருக்கிறது. விளைவாக, வழக்கமாக 700 முதல் 800 வரை நிற்கும் ஐடிலிங் ஆர்பிஎம் (வண்டி நிற்கும்போது எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) சரிந்து, ஏசி கம்ப்ரஸர் சேரும் கணத்தில் எஞ்சின் நின்றுவிடுகிறது.

திறந்த வெளியில், ஏசியையும் விளக்குகளையும் அணைத்து, ரேடியேட்டர் விசிறி ஒருமுறை சுற்றி நிற்கும்வரை வண்டியை நிறுத்தியபடியே ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் எஞ்சினை ஓடவிடுங்கள். பிறகு ஏசியைப் போட்டுச் சில நிமிடங்கள் விட்டு, புதுச்சேரி சாலையில் சீராக ஓட்டிப் பாருங்கள். பல வண்டிகள் தாமாகவே மீண்டும் கற்றுக்கொள்ளும். சில மாடல்களுக்கு மட்டும் ஈசியூவோடு இணைக்கும் ஸ்கேனர் கருவி தேவைப்படும்.

அப்படியும் சரியாகாவிட்டால், அந்தத் தகடு அமைந்திருக்கும் த்ராட்டில் பாடியை அதற்குரிய கிளீனரால் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். கரியை விட்டுவிட்டுத் திரும்பத் திரும்ப ரீசெட் செய்வது, என் பார்வையில், வீண் வேலை. நம் கடலோர உப்புக்காற்றில் எர்த் ஒயர் பாடியில் முடுக்கப்பட்ட இடம் பூத்துப்போயிருக்கிறதா, டெர்மினல் கிளாம்ப் கைக்கு அசைகிறதா, பேட்டரி மாற்றும்போது இடிபட்டு வாக்குவம் ஹோஸ் (எஞ்சினின் உறிஞ்சுவிசை செல்லும் ரப்பர் குழாய்) ஏதேனும் நழுவி ‘உஸ்’ என்று காற்றை இழுக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.