குறைமாதக் குழந்தைகளுக்கு ஆக்டோபஸ் பொம்மை பின்னிக் கொடுக்கிறார்களாமே, ஏன்? நானும் பின்னித் தரலாமா?

தாராளமாகத் தரலாம். 2013-இல் டென்மார்க்கில் தொடங்கிய வழக்கம் இது. குறைமாதக் குழந்தையின் கை சும்மா இருக்காது. மூக்கிலும் வாயிலும் செருகிய குழாய்களைப் பிடித்து இழுத்துவிடும். பக்கத்தில் ஆக்டோபஸின் சுருள் கால் இருந்தால் அதைப் பற்றிக்கொள்ளும். தொப்புள்கொடியைப் பிடித்திருந்த உணர்வைத் தரும் என்றும் சொல்வார்கள். மூச்சும் இதயத்துடிப்பும் சீராகும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை, மருந்தாக நினைக்காதீர்கள். கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே தவித்து நிற்கும் தாய்க்கு அது தரும் ஆறுதலுக்காகவே பின்னலாம்.

பின்னும் விதத்தில் மட்டும் கறாராக இருங்கள். முழுப் பருத்தி நூல்தான் வேண்டும். கம்பளி நூலில் இழை உதிரும். இழுத்துப் பிடித்தாலும் கால் 22 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது, நீண்டால் கழுத்தைச் சுற்றிக்கொள்ளும். பின்னல் நெருக்கமாக இருக்கட்டும். ஒரு கண்ணி தளர்ந்தாலும் உள்ளே திணித்த பஞ்சு எட்டிப் பார்க்கும். பிஞ்சு விரலும் அதில் மாட்டும். கண்ணுக்குப் பொத்தான் வைக்காமல் நூலாலேயே தையுங்கள். 60 டிகிரி வெந்நீரில் துவைத்தாலும் சாயம் போகக்கூடாது.

நூல் வாங்குவதற்கு முன்பே மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைப் பிரிவில் கேட்டுவிடுங்கள். தொற்றுக்கு அஞ்சி வாங்க மறுக்கும் இடங்களும் உண்டு. தொப்பிதான் தேவை என்றால் தொப்பியே பின்னுங்கள். வீடு திரும்பிய பிறகு, தூங்கும் குழந்தையின் தொட்டிலில் பொம்மையை வைக்கக்கூடாது என்று ஒரு சீட்டும் எழுதி வையுங்கள்.