மதிப்புரைக்கு அனுப்பிய புத்தகம் என்ன ஆகிறது?

கேள்வி: என் நாவல் வெளியான கையோடு 3 நாளிதழ்களுக்கு ஒவ்வொரு பிரதி அனுப்பினேன். 6 மாதமாகியும் மதிப்புரை வரவில்லை. எதை வைத்துத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்?

பதில்: முதல் வடிகட்டல் புத்தகப் பகுதியின் பொறுப்பாசிரியர் மேசையிலேயே நடந்துவிடும். பதிப்பகம், பின்னட்டைக் குறிப்பு, வெளியான தேதி, முதல் சில பக்கங்கள். பெரும்பாலும் அவ்வளவுதான் பார்ப்பார்கள். வாரத்துக்கு ஒரு பக்கம் என்றால் நான்கைந்து நூல்களுக்கு மேல் இடமிருக்காது. வருவதோ கட்டுக்கட்டாக. தேறிய நூலுக்கும் தகுந்த ஆள் வேண்டும்: விஷயம் தெரிந்தவர், அதேசமயம் நூலாசிரியருக்கு நண்பரோ வேண்டாதவரோ அல்லாதவர். இப்படி ஒருவர் அமையாமலே தேங்கிப்போகும் நல்ல நூல்கள் உண்டு.

நாளிதழுக்குப் புதியது வேண்டும். பழைய வரவு அடுக்கின் அடிக்குப் போய்விடும். பெரிய பதிப்பகங்கள் வெளியீட்டுக்கு 3, 4 மாதம் முன்பே முன்பிரதி அனுப்புவது இதனால்தான். அடுத்த நூலுக்கு 2 பிரதிகள் அனுப்புங்கள். ஒன்று அலுவலகத்துக்கு, ஒன்று மதிப்புரையாளருக்கு. விலை, பக்கம், வெளியீட்டுத் தேதி, தொடர்பு எண் அடங்கிய ஒரு பக்கக் குறிப்பும் இருக்கட்டும். உறையில் பொறுப்பாசிரியர் பெயரையே எழுதுங்கள். ஒருமுறை நினைவூட்டலாம், தவறில்லை. மதிப்புரையையும் நீங்களே எழுதி இணைத்துவிடாதீர்கள். அது நேரே குப்பைக்கூடைக்குத்தான் போகும்.