அன்செயின்ட் மெலடி: அந்த உச்ச ஸ்தாயி இல்லாமலே பாடலாம்

வணக்கம் நண்பரே, தோழரின் திருமணத்தில் 'அன்செயின்ட் மெலடி' என்ற ஆங்கிலப் பாட்டைப் பாட ஆசை, ரைச்சஸ் பிரதர்ஸ் என்ற அமெரிக்கப் பாடகர் இருவரின் மூலப் பதிவை வைத்துப் பழகினால் கடைசியில் குரல் உடைகிறது என்று எழுதியிருந்தீர்கள். முதலில் ஒன்று, அது மூலப் பதிவே இல்லை. 1955-இல் வந்த 'அன்செயின்ட்' என்ற சிறைப் படத்துக்காக அலெக்ஸ் நார்த் இசையமைத்து ஹை சாரெட் எழுதிய பாட்டு இது. படத்தில் பாடியவர் டாட் டங்கன், கனத்த குரல்காரர். வரிகளில் தலைப்புச் சொல் எங்குமே வராது, படத்தின் பெயர்தான் ஒட்டிக்கொண்டது. அதே ஆண்டிலேயே அல் ஹிப்லர், ராய் ஹாமில்டன், பிரிட்டனில் ஜிம்மி யங் என்று பலர் பாடிவிட்டார்கள்.

உங்களைப் படுத்தும் இடம் ரைச்சஸ் பிரதர்ஸின் 1965 பதிவில் இருப்பது. இருவர் குழு என்றாலும் அதில் பாடியது பாபி ஹாட்ஃபீல்ட் மட்டும்தான். 'உன் அன்பு எனக்கு வேண்டும்' என்று பொருள்படும் வரியை, கடைசிச் சுற்றில் பழைய மெட்டை விட்டுவிட்டு ஒரே தாவாக மேலே கொண்டுபோனார். கேட்கும்போது இன்றும் எனக்குச் சிலிர்க்கும். 1990-இல் 'கோஸ்ட்' படத்தில் அது ஒலித்தபிறகு எல்லோர் காதிலும் அந்தத் தாவல்தான் நிற்கிறது.

ஆனால் நீங்கள் அதைப் பாடியே ஆக வேண்டும் என்றில்லை. அல் ஹிப்லர் பாடியதை நாலைந்து முறை கேளுங்கள், தணிந்த குரலிலேயே அந்த ஏக்கம் முழுசாக வரும். அப்புறம் சுருதியை உங்களுக்கு வசதியாக இறக்கி, கடைசி வரியையும் முதல் சுற்றின் மெட்டிலேயே பாடிப் பாருங்கள்.