ஒரே தோல்வி ஒருவரை மட்டும் ஏன் சாய்க்கிறது? ஸ்டுட்கார்ட்டுக்கு வந்திருக்கும் சோமனூர்த் தம்பிக்கு

தம்பிக்கு வணக்கம்.

நீங்களும் உங்களுடன் வந்த நண்பரும் ஒரே தேர்வில் தோற்றீர்கள் என்றும், அவர் பத்து நாளில் தெளிந்துவிட, நீங்கள் இரண்டு மாதமாகச் சமைக்கக்கூட மனமில்லாமல் கிடப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். "எனக்கு மட்டும் திராணி இல்லையா, அக்கா?" என்று கேட்டிருந்தீர்கள். திராணிக்கும் இதற்கும் தொடர்பில்லை. பதினைந்து ஆண்டுகளாக இங்கே ஜெர்மனியில் இருப்பவள் என்பதாலும், ஒருமுறை நானே இப்படிச் சாய்ந்தவள் என்பதாலும் விரிவாகவே எழுதுகிறேன்.

எளிதில் கலங்குகிற, கவலையை நெடுநேரம் சுமக்கிற சுபாவத்தை உளவியலில் நியூரோட்டிசிசம் என்பார்கள். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் 7,000-க்கும் மேற்பட்ட இரட்டையர்களை ஆராய்ந்து கென்னத் கெண்ட்லர் குழுவினர் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், இழப்போ இடரோ நேரும்போது இந்தச் சுபாவம் மிகுந்தவர்களே மனச்சோர்வில் விழும் வாய்ப்பு மிகவும் கூடுவதாகத் தெரிந்தது. இது ஓரளவு பிறவியிலேயே வருவது. உங்கள் கண்ணின் நிறத்துக்கு நீங்கள் எவ்வளவு பொறுப்போ, ஏறத்தாழ அவ்வளவுதான் இதற்கும்.

என் தந்தை 2011 ஜனவரியில் கோபியில் காலமானார். அதற்கு இரண்டு நாள் முன்பு அவர் அழைத்து, "சாப்ட்டியா கண்ணு?" என்று கேட்டபோது, வேலை அவசரத்தில் "அப்பறம் பேசறனுங்கப்பா" என்று வைத்துவிட்டேன். பதினாறாம் நாள் கருமாதி முடிந்ததும் அண்ணன் மஞ்சள் மண்டிக்குப் போகத் தொடங்கிவிட்டார். நானோ இங்கே திரும்பி வந்து, ட்ராம் நிறுத்தத்தில் நின்றபடி அந்த ஒற்றை வாக்கியத்தையே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணெதிரே நான்கு வண்டிகள் வந்து போயின, ஏறவில்லை. அண்ணனுக்கு என்னைவிடப் பாசம் குறைவு என்று அப்போது நினைத்தது எவ்வளவு பெரிய தவறு என்பது பிறகுதான் புரிந்தது.

இப்படி அசைபோடுகிற பழக்கத்தைத்தான் உளவியலாளர் சூசன் நோலன்-ஹோக்செமா ஆராய்ந்தார். 1989 அக்டோபர் 17 அன்று கலிஃபோர்னியாவில் லோமா பிரியேட்டா நிலநடுக்கம் நேர்வதற்குச் சுமார் இரு வாரம் முன்புதான், தற்செயலாக, ஸ்டான்ஃபோர்டு மாணவர்களின் மனநிலையை அவர் அளந்து வைத்திருந்தார். துயரத்தை அசைபோடும் பழக்கம் முன்பே இருந்த மாணவர்களிடம் ஏழு வாரம் கழித்தும் மனச்சோர்வின் அறிகுறிகள் கூடுதலாக இருந்தன. சுபாவத்தை மாற்றுவது கடினம். ஆனால் அசைபோடுவது ஒரு பழக்கம், அதைப் பயிற்சியால் குறைக்க முடியும் என்பதை என் அனுபவத்திலேயே கண்டேன்.

அடி எங்கே விழுகிறது என்பதும் முக்கியம். உறவையே உயிராகக் கொண்டவர்கள் பிரிவில் உடைகிறார்கள் என்றும், சாதிப்பதையே தம் மதிப்பாகக் கொண்டவர்கள் தோல்வியில் உடைகிறார்கள் என்றும் மனநல மருத்துவர் ஆரோன் பெக் கருதினார். விசைத்தறியை அடமானம் வைத்து அப்பா அனுப்பியதாக எழுதியிருந்தீர்களே, உங்களுக்கு அந்த மதிப்பெண் வெறும் எண்ணாக இருந்திருக்க முடியாது. இதே நண்பர் நிச்சயித்த திருமணம் நின்றுபோனால் உங்களைவிட அதிகமாகக் கலங்கக்கூடும்.

இன்னொன்று: சோர்ந்திருக்கும்போது பெரும்பாலும் நம் சுபாவம் உள்ளதைவிட மோசமாகத்தான் தெரியும். ஆகவே நீங்கள் எப்படிப்பட்டவர் என்ற தீர்ப்பை இப்போது எழுத வேண்டாம்.

லண்டனின் கேம்பர்வெல் பகுதிப் பெண்களை ஆராய்ந்து ஜார்ஜ் பிரௌனும் டிரில் ஹாரிஸும் 1978-இல் எழுதியபோது, மனம்விட்டுப் பேச நெருக்கமான ஒருவர் இருப்பது மனச்சோர்விலிருந்து பெரும் காப்பு என்று கண்டார்கள். ஊரில் துக்கம் கேட்க வருகிறவர்கள் திண்ணையில் உட்கார்ந்து, நடந்ததை மறுபடி மறுபடி நம்மைச் சொல்லவைப்பார்கள். அண்ணனுக்கு அது கிடைத்தது, எனக்கு இங்கே குளிர்காலத்தில் சீக்கிரம் கவிகிற இருட்டுத்தான் கிடைத்தது.

இரண்டு வாரத்துக்கு மேல் நாள் முழுதும் மனம் கனத்து, எதிலும் நாட்டமின்றி, தூக்கமும் பசியும் கெட்டிருந்தால் குடும்ப மருத்துவரைப் பார்க்க வேண்டும். நீங்கள் இரண்டு மாதம் கடந்துவிட்டீர்கள், ஆகவே இந்த வாரமே போங்கள். மனநலச் சிகிச்சையாளரிடம் முதல் சந்திப்புக்கு 116117 என்ற எண்ணில் நேரம் கேட்கலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு எட்டிப்பார்த்தால் தாமதிக்காமல் 112-ஐ அழையுங்கள்.

அப்பாவிடம் தேர்வைப் பற்றி இன்னும் சொல்லவில்லை என்று கடைசி வரியில் எழுதியிருந்தீர்கள். ஞாயிற்றுக்கிழமை, தறிச் சத்தம் இல்லாத நேரம் பார்த்து அழைத்து, வேறெதையும் பேசுவதற்கு முன் அதைச் சொல்லிவிடுங்கள்.