கதிரியக்கச் சிதைவு: எனர்ஜி யாருக்குப் போகுது? கேளுங்க, சொல்றேன்

கே: பொலோனியம் 210 சிதைஞ்சு ஈயம் 206ஆ மாறுறப்போ, வெளிய பறக்குற ஆல்ஃபாவே (ஹீலியம் கரு) எல்லா எனர்ஜியையும் அள்ளிட்டுப் போகுதே, மிச்ச கரு சும்மா நிக்குமா?

ப: நிக்காது, உதை வாங்கி பின்னாடி ஓடும். முதல்ல கரு அசையாம இருந்துச்சு, உந்தம் (நிறை பெருக்கல் வேகம்) பூஜ்யம், அதனால ரெண்டு துண்டும் சம உந்தத்தோட எதிரெதிரா தான் போயாகணும். இயக்க ஆற்றல்ங்கறது உந்தத்தோட வர்க்கத்த ரெண்டு மடங்கு நிறையால வகுத்தது, அதனால லேசான ஆளுக்கு தான் பெரிய பங்கு. மொத்தம் 5.41 எம்ஈவி (ஒரு எம்ஈவின்னா பத்து லட்சம் எலக்ட்ரான் வோல்ட்), ஆல்ஃபாவுக்கு அதுல 210க்கு 206 பங்கு, அதாவது 5.30. ஈயத்துக்கு 0.10 தானேன்னு நினைக்காதீங்க, அது ஒரு லட்சம் எலக்ட்ரான் வோல்ட், வேதிப் பிணைப்பு சில எலக்ட்ரான் வோல்ட் தான், அந்த அணு இருந்த எடத்த விட்டே பிச்சுகிட்டுப் போயிடும்.

கே: 210 = 206 + 4, நிறை குறையவே இல்லையே, எனர்ஜி எங்கேருந்து?

ப: நிறை எண்ண (புரோட்டான், நியூட்ரான் மொத்த எண்ணிக்கை) போடாதீங்க!! அணு நிறையப் போடுங்க. 209.98287ல இருந்து 205.97447, 4.00260 ரெண்டையும் கழிச்சா 0.0058 மிஞ்சும், ஒரு அணு நிறை அலகுக்கு 931.5 எம்ஈவி, அதால பெருக்குங்க, அவ்ளோ தான்.

கே: கார்பன் டேட்டிங் எப்படி பண்றாங்க?

ப: அது அரை ஆயுள் கணக்கு, இங்க வேணாம்.

கே: பீட்டால (கரு எலக்ட்ரானை வெளிய தள்ளுற சிதைவு) இந்த கணக்கு ஒத்தே வராதே? எலக்ட்ரான் கண்ட கண்ட வேகத்துல வருது.

ப: ஆஹா, இதுக்கு தான் உக்காந்திருந்தேன். ரெண்டே துண்டுன்னா ஒரே வேகம் தான் வரணும். 1914லயே சாட்விக், எலக்ட்ரான் எனர்ஜி ஒரே மதிப்பா இல்லாம தொடர்ச்சியா வருதுன்னு காட்டிட்டார். வழியில எங்கயோ சூடா போயிருக்கும்னு சிலர் சொன்னாங்க, 1927ல எல்லிஸும் வூஸ்டரும் பிஸ்மத் 210அ கலோரிமீட்டர்ல (வெப்பத்த அளக்குற கருவி) போட்டு அளந்தா, உச்ச எனர்ஜில சுமார் மூணுல ஒரு பங்கு தான் சிக்குச்சு.

கே: அப்ப எனர்ஜி சராசரியா தான் மாறாம இருக்குன்னு நீல்ஸ் போரே சொன்னாரே, அத ஏன் ஒதுக்குறீங்க?

ப: சொன்னார். ஆனா சராசரி மட்டும்னா எலக்ட்ரானுக்கு ஏன் கறாரா ஒரு உச்ச வரம்பு? 1930 டிசம்பர்ல பவுலி மூணாவது ஒரு துகள் (இப்ப நியூட்ரினோங்கறோம்) இருக்கும்னார், மூணு பேர் பங்கு போட்டா யாருக்கு எவ்ளோன்னு தடவைக்கு தடவை மாறும், உந்தமும் சரியா இருக்கும்.

கே: கண்ணுல படாதத சேர்த்து கணக்க சரிக்கட்டுறது ஏமாத்து இல்லையா?

ப: 26 வருஷம் அப்படி திட்டலாம்னு விட்டிருந்தாங்க. 1956ல ரெய்ன்ஸும் கோவனும் அந்தத் துகள அணு உலை பக்கத்துல வச்சு புடிச்சுட்டாங்க, வழக்கு முடிஞ்சுது.

கே: ஆல்ஃபாவுக்கு ஏன் அதிக எனர்ஜி?

ப: முதல் பதில்.

கே: பாஸிட்ரான் (நேர்மின் கொண்ட எலக்ட்ரான்) வர்ற சிதைவுக்கும் இதே கழித்தல் தானா?

ப: அணு நிறைய வச்சு கழிச்சா கூடவே ரெண்டு எலக்ட்ரான் நிறை, 1.022 எம்ஈவி, கழிக்கணும். பாதி பேர் இங்க தான் கவுறாங்க.

கே: யுரேனியம் 238ல 234 + 4 போட்டேன், பூஜ்யம் வருது...

ப: நிறை எண்ண போடாதீங்க.