புறப்படும்போது உதறும் ஸ்கூட்டர்: எஞ்சினைப் பிரிக்கத்தான் வேண்டுமா?

கேள்வி: பழைய வண்டி விற்கும் கன்சல்டிங் கடையில் 2014 மாடல் 110 சிசி ஸ்கூட்டர் ஒன்றை 32,000 ரூபாய்க்கு வாங்கினேன். காலையில் செல்ஃப் சுற்றுகிறது, ஆனால் எஞ்சின் பிடிப்பதில்லை. கிக்கரைப் பலமுறை உதைக்க வேண்டியிருக்கிறது. சிக்னலில் நின்றால் எஞ்சினும் நின்றுவிடுகிறது. புறப்படும்போது வண்டி உதறுகிறது. லிட்டருக்கு 30 கிலோமீட்டர்தான் கிடைக்கிறது. புகை இல்லை. "எஞ்சினைப் பிரித்து போர் செய்ய வேண்டும், 9,000 ரூபாய் ஆகும்" என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?
- ஒரு வாசகர், மதுரை

பதில்: இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பது ஒரு நோய் அல்ல. இரண்டு மூன்று சிறு கோளாறுகள் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. போர், அதாவது பிஸ்டன் ஓடும் சிலிண்டரின் உட்சுவர், தேய்ந்த எஞ்சின் பெரும்பாலும் ஆயிலைக் குடித்து நீலப் புகை விடும். உங்கள் வண்டியில் புகையே இல்லை. ஆயில் அளவும் குறையவில்லை என்றால், 9,000 ரூபாய்க்கு இப்போது அவசரம் இல்லை.

முதலில் சோக்கைப் பாருங்கள். பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குத் தரும் கார்புரேட்டர் உள்ள வண்டிகளில், குளிர்ந்த எஞ்சின் பிடிக்கக் கலவையில் பெட்ரோலைக் கூட்டித் தரும் உறுப்பு அது; பலரும் அதை மறந்துவிடுகிறார்கள். அதன் வயர் அறுந்திருந்தால் குளிர்ந்த எஞ்சின் எளிதில் பிடிக்காது. பாதியில் சிக்கிக்கொண்டால் பெட்ரோல் வீணாகும், மைலேஜ் விழும். எஞ்சினில் தீப்பொறி தரும் பிளக்கைக் கழற்றினால் கதை தெரிந்துவிடும்: முனை இளம்பழுப்பாக இருந்தால் நல்லது, கரி படிந்து கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது அல்லது காற்று போதவில்லை, ஈரமாக எண்ணெய்ப் பசையுடன் இருந்தால்தான் மெக்கானிக் சொல்வதற்குக் கொஞ்சம் இடம் உண்டு. எப்படியிருந்தாலும் புது பிளக் போட்டுவிடுங்கள், விலை அதிகமில்லை. ஏர் ஃபில்ட்டரையும் மாற்றுங்கள். எண்ணெய் தோய்ந்த காகித வகை ஃபில்ட்டரைக் காற்றடித்துச் சுத்தம் செய்வது வீண் வேலை. அழுக்கு இருந்த இடத்திலேயே இருக்கும்.

சிக்னலில் நிற்பதற்கு முதல் சந்தேகம் கார்புரேட்டரின் பைலட் ஜெட். ஆக்சிலரேட்டரை விட்டிருக்கும்போது எஞ்சினுக்குப் பெட்ரோல் தருவது அந்தச் சிறு துளைதான். வண்டி விற்பனைக்காகக் கடையில் நீண்ட நாள் நின்றிருந்தால், பெட்ரோல் ஆவியாகி விட்டுச்சென்ற பிசின் அதை அடைத்திருக்கும். பல கடைகளில் 'டியூனிங்' என்ற பெயரில் ஐடில் (ஆக்சிலரேட்டரை விட்டிருக்கும்போது எஞ்சின் ஓடும் வேகம்) திருகை இறுக்கி, எஞ்சினை வேகமாக ஓடவிட்டுக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். வண்டி அன்றைக்கு நிற்காது. அடைப்பு அப்படியே இருக்கும், மைலேஜ் இன்னும் குறையும். கார்புரேட்டரை உங்கள் கண்முன் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். எஞ்சினோடு அதை இணைக்கும் ரப்பர் குழாயில் வெடிப்பு இருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடலாம்.

அடுத்தது டேப்பட், அதாவது வால்வுக்கும் அதை அழுத்தித் திறக்கும் பாகத்துக்கும் நடுவே விடும் சிறு இடைவெளி. எஞ்சின் நன்றாக ஆறியபின், தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு அதைச் செட் செய்ய வேண்டும். விற்பதற்கு முன் 'டிக் டிக்' சத்தம் கேட்கக்கூடாது என்று அதை அளவுக்கு மேல் இறுக்கிவிடுவதும் உண்டு. அப்படி இறுக்கினால் வால்வு முழுதாக மூடாது, அழுத்தம் கசியும், ஸ்டார்ட் ஆவது கடினமாகும். சத்தமே இல்லாத பழைய எஞ்சினைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

இவ்வளவும் முடிந்த பிறகும் காலையில் தொல்லை தீரவில்லை என்றால் கம்ப்ரஷன் சோதனை, அதாவது சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தை அளக்கும் சோதனை, செய்யச் சொல்லுங்கள். பிளக் துளைவழியே கொஞ்சம் எஞ்சின் ஆயில் விட்டு இரண்டாவது முறையும் அளக்க வேண்டும். அளவு நன்றாக ஏறினால் பிஸ்டன் ரிங்கும் போரும் தேய்ந்திருக்கின்றன; ஏறாவிட்டால் கசிவு பெரும்பாலும் வால்வில். இந்த எண்களைக் காட்டாமல் எஞ்சினைப் பிரிக்கச் சம்மதிக்காதீர்கள்.

உதறலுக்கும் எஞ்சினுக்கும் பெரும்பாலும் தொடர்பில்லை. இடப்பக்க மூடியைத் திறந்தால் எஞ்சினின் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கடத்தும் பெல்ட், ரோலர், கிளட்ச் ஷூ, அது பிடிக்கும் பெல் எல்லாம் இருக்கும். ஷூவும் பெல்லும் வழவழப்பாகிவிட்டாலோ தூசி படிந்தாலோ புறப்படும்போது உதறும். சுத்தம் செய்து உப்புத்தாளால் தேய்த்தாலே பல வண்டிகளில் சரியாகிவிடும். பெல்ட்டில் வெடிப்பு தெரிந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள். அறுந்தால் வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் வர வேண்டும். எஞ்சின் ஆயிலோடு பின்சக்கர கியர் ஆயிலையும் மாற்றச் சொல்லுங்கள், அதைப் பலர் தொடுவதே இல்லை. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 1719 என்றால் 2019ஆம் ஆண்டின் 17ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் (டயர் தரையில் படும் பக்கத்தின் மேடுகள்) நன்றாக இருந்தாலும் ரப்பர் வெடித்திருந்தால் அந்த டயர் வேண்டாம்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றிவிடாதீர்கள். ஒன்றைச் செய்து இரண்டு நாள் ஓட்டிப் பார்த்து அடுத்ததற்குப் போனால், எது கோளாறு என்று உங்களுக்கே தெரியும்.

நீங்கள் கேட்காத ஒன்று: பெயர் மாற்றம். வாங்கியவர் 30 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். படிவம் 29, 30இல் ஆர்.சி. உரிமையாளரின் கையெழுத்து வேண்டும். கடைக்காரர் கையெழுத்து மட்டும் பொதுவாகப் போதாது. ஆர்.சி.யில் கடன் பதிவு இருந்தால் அதை நீக்க நிதி நிறுவனத்தின் படிவம் 35 தேவை. இன்சூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற 14 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். கடை இழுத்தடித்தால், ரசீதோடு நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்யுங்கள். தனிநபரிடம் நேரடியாக வாங்கியிருந்தால் அந்த வழி பொதுவாகக் கிடைக்காது. கடையில் வாங்கியது இந்த வகையில் உங்களுக்குச் சாதகம்.