அளக்காமல் விட்ட ரத்தம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அரசு மருத்துவக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) மாணவர்களுக்காக நடத்தும் இரண்டு மாத ஆய்வுத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கும்படி மகப்பேறு துறைப் பேராசிரியை சொல்கிறார். ‘மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வான நீட் பி.ஜி.க்குப் படிக்காமல் இதெல்லாம் எதற்கு?’ என்கிறார்கள் நண்பர்கள். எங்கள் கல்லூரியில் பெரிய ஆய்வகமும் கிடையாது. நான் செய்து என்ன ஆகப்போகிறது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

விண்ணப்பித்துவிடுங்கள். ஆய்வகம் இல்லையே என்கிறீர்கள், அதனால் பெலகாவியில் நடந்ததைச் சொல்கிறேன்.

பிரசவத்துக்குப் பின் அரை லிட்டருக்கு மேல் ரத்தம் போனால் ஆபத்து என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். எவ்வளவு போனது என்பதை எப்படிச் சொல்கிறோம்? நனைந்த துணியையும் பஞ்சையும் பார்த்துக் குத்துமதிப்பாகத்தான். கர்நாடகத்தில் பெலகாவியின் ஜவாஹர்லால் நேரு மருத்துவக் கல்லூரியும் அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து, கிராமப்புறப் பிரசவங்களில் மிசோப்ரோஸ்டால் மாத்திரை ரத்தப்போக்கைத் தடுக்கிறதா என்று சோதித்தார்கள். ரத்தத்தைச் சரியாக அளந்தால்தானே மாத்திரை பலித்ததா என்று தெரியும்? அதற்காக ஒரு பிளாஸ்டிக் விரிப்பைச் செய்தார்கள். குழந்தை பிறந்ததும் தாயின் இடுப்புக்குக் கீழே விரித்துக் கட்டிவிட்டால், ரத்தம் வழிந்து புனல் போன்ற பையில் சேரும். பையில் மில்லிலிட்டர் கோடுகள் போட்டிருக்கும். அவ்வளவுதான் கருவி.

கண்ணால் பார்த்துச் சொல்லும் அளவு, விரிப்பு காட்டுவதைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. ‘பயமில்லை’ என்று விடப்பட்ட தாய்மார்களை நினைத்தால் எனக்கு மனம் பதறுகிறது. மாத்திரையும் பலித்தது. 1,620 பெண்களிடம் நடந்த அந்த ஆய்வில், அதிக ரத்தப்போக்கு 12 சதவீதத்திலிருந்து 6.4 ஆகக் குறைந்தது. 2006இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது.

பிறகு ஆப்பிரிக்காவின் நான்கு நாடுகளில், இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களை எடுத்துக்கொண்டு, சில மருத்துவமனைகளில் வழக்கமான முறையையே தொடர்ந்து, மற்றவற்றில் இதே மாதிரி அளவுக்கோடு போட்ட விரிப்பை வைத்து ரத்தப்போக்கைச் சீக்கிரமே கண்டுபிடித்து, உடனே எல்லாச் சிகிச்சையையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். 2023இல் முடிவு வந்தது: கடுமையான பாதிப்பு 60 சதவீதம் குறைவு. அதிக ரத்தம் போன பெண்களில், வழக்கமான முறையில் பாதிப் பேருக்குத்தான் அது கண்டறியப்பட்டது. அளவுக்கோடு போட்ட விரிப்பு இருந்த இடத்தில் நூற்றில் 93 பேருக்கு.

நீட் மதிப்பெண்ணுக்கு இது உதவும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இரண்டு மாதத்தில் உங்கள் படிப்பு கெட்டுப்போகாது.

கேள்வியைச் சின்னதாக எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வார்டில் இரும்புச்சத்து மாத்திரை வாங்கிய கர்ப்பிணிகளில் எத்தனை பேர் முழுதாகச் சாப்பிட்டார்கள், விட்டவர்கள் ஏன் விட்டார்கள்? வாந்தியா, மலச்சிக்கலா, வீட்டில் யாராவது வேண்டாம் என்றார்களா? இதைக் கேட்கும்போது மாமியாரோ கணவரோ பக்கத்தில் இருந்தால் சரியான பதில் வராது. அந்தப் பெண் தனியாகப் பேச ஒரு இடம் பார்த்து வையுங்கள். சம்மதத்தை அவருக்குப் புரிகிற தமிழில் கேளுங்கள். ‘இல்லை’ என்று சொன்னாலும் சிகிச்சையில் எந்தக் குறையும் வராது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அப்புறம், ஆய்வு நெறிமுறைப்படி நடக்கிறதா என்று பார்க்கும் எத்திக்ஸ் கமிட்டியின் அனுமதிக்கு நேரமாகும். அந்த விண்ணப்பத்தை முதலில் எழுதுங்கள். உங்கள் வகுப்புப் பையன்களையும் கூப்பிடுங்கள், அவர்களும்தானே நாளை பிரசவ அறையில் நிற்கப்போகிறார்கள்.